முதலில் மூடியைப் போடு

பாரிஸ் நகரத்தில் 1907-ஆம் ஆண்டில் ஒரு விசித்திரமான பள்ளிக்கூடம் நடந்து வந்தது. அதற்குச் சொந்தக் கட்டிடம் கிடையாது. பெயர்ப் பலகை கிடையாது. தலைமை உபாத்தியாயர் கிடையாது, பிரம்பும் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பாடம். அந்தப் பாடம் முடிந்ததும் பிள்ளைகள் தோட்டத்துக்கோ, வீட்டுக்கோ ஓடிவிடலாம். மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து சுமார் பத்துப் பேர். சம்பளம் கொடுப்பாரும் இல்லை, வாங்குவாரும் இல்லை.

ஆசிரியர்கள் யார் யார் என்று விசாரித்தால்தான் நமக்குத் தலை சுற்றுகிறது.

பௌதிகம் சொல்லிக் கொடுத்தவர் மேரி கியூரி. கணவர் பியர் கியூரியோடு 1903-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர். 1911-ல் இரண்டாம் முறையாக, ரசாயனத்துக்காக, அதே பரிசைத் தனியாகப் பெறப்போகிறவர். ரசாயனம் சொல்லிக் கொடுத்தவர் ழான் பெர்ரின். நீரில் மிதக்கும் நுண்ணிய துகள்கள் ஓயாமல் ஆடுவதை மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து அளந்து, அணு என்பது வெறும் ஊகமல்ல, கணக்கிட்டு எண்ணக்கூடிய வஸ்து என்று 1908-ஐ ஒட்டிய அந்த ஆண்டுகளில்தான் அவர் நிரூபித்துக்கொண்டிருந்தார். அதற்கு 1926-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காலையில் அணுவை எண்ணிவிட்டு மாலையில் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பரிசோதனைக் குழாயைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்! கணக்குப் பாடம் பால் லாங்கெவினுடையது. பியர் கியூரியின் மாணவர்; பொருள்களின் காந்த குணத்தைப் பற்றி 1905-ல் பெரிய ஆராய்ச்சி ஒன்றை வெளியிட்டவர். சரித்திரம், இலக்கியம், அந்நிய பாஷை, இயற்கை நூல், சித்திரம், களிமண்ணில் உருவம் செய்வது ஆகியவற்றைப் பெர்ரினின் மனைவி, சீன சரித்திர நிபுணர் ஷவானின் மனைவி, மூத்தோன் என்ற பேராசிரியர், மக்ரூ என்ற சிற்பி இவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். எல்லாரும் நண்பர்கள். பெரும்பாலோர் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர்களே. நீ என் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடு, நான் உன் பிள்ளைக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறேன் என்ற ஏற்பாடு.

நம் ஊர்ப் பேச்சில் இதற்கு ஒரே ஒரு பெயர்தான் உண்டு: ட்யூஷன். ஆனால் நம்முடைய ட்யூஷன் வாத்தியார் எதற்காக வீடு தேடி வருகிறார்? பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை உருப்போட்டதை இன்னும் மூன்று தடவை உருப்போட வைப்பதற்காக. எந்தக் கேள்வி வரும், எது வராது என்று சோழி உருட்டாத குறையாகச் சோதிடம் சொல்லும் சாமர்த்தியம் உள்ளவருக்கே மவுசு அதிகம். கியூரி அம்மையாரின் ட்யூஷன் அதற்கு நேர் எதிரானது. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை மீட்பதற்காக ஏற்பட்டது அது. அந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்களில் காற்றில்லாத அறையில் மணிக்கணக்காகக் குழந்தைகளை அடைத்து வைப்பதைவிட அவர்களைத் தண்ணீரில் அமிழ்த்திவிடுவதே மேல் என்று தோன்றுவதாகத் தம் சகோதரிக்கு ஒரு கடிதத்தில் எழுதினார் அம்மையார். சாதாரணமாக அளந்து பேசுகிற ஒரு விஞ்ஞானி இவ்வளவு கடுமையான வார்த்தையைச் சொல்ல வேண்டுமானால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்க வேண்டும் அல்லவா? இருக்கிறது.

அந்தக் கதை பாரிஸில் தொடங்கவில்லை. வார்ஸா நகரத்தில், ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் தொடங்குகிறது. போலந்து தேசம் அப்போது தேசப்படத்திலேயே இல்லை. 1863-ல் நடந்த கிளர்ச்சியை அடக்கிய பிறகு ருஷ்ய அரசாங்கம் போலிஷ் பாஷையைப் பள்ளிக்கூடங்களிலிருந்து துரத்திவிட்டது. மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா என்ற பெண் 1867-ல் பிறந்தாள். அவள் படித்த தனியார் பள்ளியில் போலந்தின் சரித்திரத்தைப் போலிஷ் பாஷையிலேயே திருட்டுத்தனமாகச் சொல்லிக் கொடுத்து வந்தார்கள். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்பதற்கு அடையாளமாக மணி ஒலிக்கும். உடனே புத்தகங்கள் மறையும். ஊசியும் நூலும் கைக்கு வரும். இன்ஸ்பெக்டர் உள்ளே நுழையும்போது இருபத்தைந்து சிறுமிகள் சாதுவாகத் தையல் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

அவர் யாராவது ஒரு பெண்ணைக் கேள்வி கேட்பார். வகுப்பாசிரியை ஒவ்வொரு தடவையும் மரியாவைத்தான் எழுப்பி நிறுத்துவாள். ஏனென்றால் அவளுடைய ஞாபக சக்தி அபாரமானது. ருஷ்ய பாஷையில் ஜபத்தைச் சொல் என்பார் இன்ஸ்பெக்டர். சொல்லுவாள். இரண்டாம் காதரீனுக்குப் பின் ஆண்ட சக்கரவர்த்திகளின் பெயர்களைச் சொல் என்பார். சொல்லுவாள். ராஜ குடும்பத்தாருடைய பட்டப் பெயர்களைச் சொல் என்பார். அதையும் ஒரு தப்பில்லாமல் ஒப்பிப்பாள். கடைசியில், நம்மை ஆள்வது யார் என்று கேட்பார். அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். அவர் திருப்தியுடன் வெளியே போனதும் அந்தப் பத்து வயதுப் பெண் விம்மி விம்மி அழுதாள் என்று அவளுடைய மகள் ஈவ் கியூரி, 1937-ல் வெளிவந்த தாயாரின் சரித்திரத்தில் எழுதுகிறார்.

இந்தக் காட்சியை நான் பெரிதாக மதிக்கிறேன். உருப்போடுவதை எதிர்க்கிறவர்களில் பாதிப் பேர், உருப்போட முடியாமல் திண்டாடினவர்கள். அவர்கள் பேச்சில் கொஞ்சம் திராட்சைப் பழத்துப் புளிப்பு இருக்கும். மரியா அப்படியல்ல. நெட்டுருவில் அவளை மிஞ்ச வகுப்பில் ஆள் இல்லை. அந்தத் திறமையே அவளை இன்ஸ்பெக்டருக்கு முன்னால் நிறுத்தி அவமானப்படுத்தியது. நாக்கு ஒன்றைச் சொல்ல, நெஞ்சு வேறொன்றைச் சொல்ல, எதிரே இருக்கிறவருக்குத் திருப்தி ஏற்படும் என்பதை அவள் பத்து வயதிலேயே தெரிந்துகொண்டாள்.

அவளுடைய தகப்பனார் பௌதிகமும் கணக்கும் போதிக்கிற உபாத்தியாயர். பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானப் பாடத்துக்குரிய நேரத்தை அரசாங்கத்தார் குறைத்துவிட்ட பிறகு, அவருடைய கருவிகள் வீட்டுக்கு வந்து ஒரு கண்ணாடி அலமாரியில் குடியேறின. கண்ணாடிக் குழாய்கள், சின்னத் தராசு, தாதுப் பொருள்களின் மாதிரிகள், தங்க ரேக்கு வைத்த ஒரு மின்சாரக் கருவி. சிறுமி அலமாரிக்கு முன்னால் நின்று அவற்றைப் பார்ப்பாள். அவற்றின் பெயர் என்ன என்று கேட்டாள். பௌதிகக் கருவிகள் என்றார் தகப்பனார். அந்தப் பெயரை அவள் பாட்டுப் போலப் பாடித் திரிந்தாளாம். பெயர் மனப்பாடமாயிற்று, கருவியைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. நம் நாட்டிலும் எத்தனையோ பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானம் இப்படிக் கண்ணாடி அலமாரிக்குள்ளே பூட்டுக்கும் சாவிக்கும் நடுவில் வாழ்ந்ததை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அங்கே பூட்டினது அந்நிய அரசாங்கம். இங்கே பூட்டினது யார் என்ற விசாரணை இப்போது வேண்டாம்.

அவள் வளர்ந்த பிறகு 'பறக்கும் சர்வகலாசாலை' என்ற ரகசிய வகுப்புகளில் சேர்ந்தாள். போலிஷ் பெண்களுக்குச் சர்வகலாசாலைக் கதவு அடைத்துக் கிடந்ததால், 1880-களில் அறிவாளிகள் சிலர் தங்கள் வீடுகளிலேயே பாடம் நடத்தினார்கள். இன்று ஒரு வீடு, நாளைக்கு வேறு வீடு. போலீசார் மோப்பம் பிடிப்பதற்குள் இடம் மாறிவிடும். ஆகையால்தான் அந்தப் பெயர்.

பிறகு, அக்காள் பாரிஸில் வைத்தியப் படிப்புப் படிப்பதற்குப் பணம் அனுப்புவதற்காக, மரியா ஒரு பணக்காரக் குடும்பத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலைக்குப் போனாள். 1886-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், கொட்டுகிற பனியில், ஷ்சுகி என்ற கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். வருஷத்துக்கு 500 ரூபிள் சம்பளம். அந்த வீட்டு மூத்த பிள்ளையோடு அவளுக்கு ஏற்பட்ட காதலும், ட்யூஷன் வாத்தியாரம்மாளை மருமகளாக ஏற்கமாட்டோம் என்று பெற்றோர்கள் மறுத்ததும் தனிக் கதை. நாவல் எழுதுகிறவனுக்கு அந்தப் பக்கம் கால் இழுக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் திரும்பி வருகிறேன். அந்தக் கிராமத்தில் அவள் செய்த இன்னொரு காரியம்தான் நமக்கு இங்கே முக்கியம். சேற்றில் நடந்து போகிற குடியானவர் வீட்டுக் குழந்தைகள் எழுத்து வாசனையே இல்லாமல் இருந்தன. எஜமானரின் மூத்த மகளைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, அந்தக் குழந்தைகளைத் தன் அறைக்கு வரவழைத்துப் போலிஷ் எழுத்துக் கற்றுக் கொடுத்தாள். அது சட்ட விரோதம். பிடிபட்டால் சைபீரியா வரையில் போக நேரலாம். அந்த ஆண்டு முடிவதற்குள் பதினெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். தினந்தோறும் இரண்டு மணி நேரம். புதன், சனிக்கிழமைகளில் ஐந்து மணி நேரம்கூட உண்டு. இதற்குச் சம்பளம் இல்லை.

அவள் முதன் முதலாகச் சொந்தக் கையால் பரிசோதனை செய்தது இருபத்துமூன்று வயதுக்கு மேல், வார்ஸாவில் 'தொழில், விவசாயப் பொருட்காட்சிசாலை' என்ற இடத்தில். பெயர்தான் பொருட்காட்சிசாலை. போலிஷ் இளைஞர்களுக்கு விஞ்ஞானம் பழக்குவதற்காக உள்ளே ஒரு ஆராய்ச்சி அறை இருந்தது. அவளுடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் அதை நடத்திக்கொண்டிருந்தார். மாலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அங்கே போய், புத்தகத்தில் படித்த பரிசோதனைகளைத் தானே செய்து பார்ப்பாள். பெரும்பாலும் கூட ஆள் இருக்காது. சில சமயம் எதிர்பாராத வெற்றி. பல சமயம் விபத்து, தோல்வி. 1891-ல் பாரிஸுக்கு ரயில் ஏறினபோது இந்த அனுபவம்தான் அவளுடைய உண்மையான மூலதனம்.

பியர் கியூரியின் கதையும் இதற்கு ஒத்ததுதான். அவர் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை! அவருடைய தகப்பனார் டாக்டர் யூஜின் கியூரி, இந்தப் பையன் கனவு காண்கிற சுபாவம் உள்ளவன், ஒரு விஷயத்தைப் பிடித்தால் அதிலேயே ஆழ்ந்துவிடுகிறவன், மணி அடித்ததும் புத்தகத்தை மாற்றுகிற பள்ளிக்கூடத்துக்கு இவன் லாயக்கில்லை என்று கண்டுகொண்டு வீட்டிலேயே படிக்க வைத்தார். தாய், தகப்பன், தமையன், பதினான்கு வயதுக்கு மேல் ஒரு நல்ல கணக்கு ஆசிரியர் இவர்களே அவருடைய பள்ளிக்கூடம். மந்தமான பையன் என்று பிறர் நினைத்திருக்கக்கூடிய அவர் பதினெட்டாம் வயதில் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் பேத்தி இரீனை வளர்த்து, அவளுக்குச் செடி கொடிகளை அடையாளம் காட்டிக் கொடுத்தவரும் அதே கிழவர்தான்.

1906 ஏப்ரல் 19-ஆம் தேதி பாரிஸ் வீதி ஒன்றில் மழை ஈரத்தில் பாரவண்டியின் சக்கரம் ஏறிப் பியர் கியூரி இறந்தார். மேரிக்கு முப்பத்தெட்டு வயது. மூத்தவள் இரீனுக்கு எட்டு. ஈவுக்கு ஒன்றரை வயதுகூட நிரம்பவில்லை. நவம்பர் மாதம் 5-ஆம் தேதி, ஸோர்போன் சர்வகலாசாலையில் கணவருடைய இடத்தில் நின்று, அவர் நிறுத்தின இடத்திலிருந்தே பாடத்தைத் தொடர்ந்தார். அங்கே பாடம் நடத்திய முதல் பெண் அவரே. அவ்வளவு பெரிய துக்கம் நடந்து ஓர் ஆண்டு ஆவதற்குள்ளாகத்தான் இந்தப் பிள்ளைகளின் வகுப்பைத் தொடங்கியிருக்கிறார். ஆராய்ச்சி, ஸோர்போன் வகுப்பு, வீடு, இரண்டு குழந்தைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் இது வேறு.

வகுப்பில் என்ன நடந்தது? இரண்டு வழியாக நமக்குத் தெரியவருகிறது. ஈவ் எழுதிய சரித்திரம் ஒன்று. மற்றொன்று, இஸபெல் ஷவான் என்ற மாணவி 1907-ல் எழுதி வைத்த குறிப்பு நோட்டு. அந்த நோட்டு சுமார் நூறு வருஷங்கள் கழித்து, 2003-ல், பிரான்ஸில் அச்சாகி வெளிவந்தது. ஒரு சிறுமியின் பள்ளி நோட்டுக்கு இந்தப் பாக்கியம் கிடைப்பது அபூர்வம்.

முதலில் காற்று. காலியாகத் தோன்றுகிற ஒரு புட்டியைக் காட்டி இதில் என்ன இருக்கிறது என்று ஆரம்பிக்கிறார் அம்மையார். காற்று என்கிறார்கள் பிள்ளைகள். அது போதாது. உனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் பாடம். யாரோ சொன்னதால் தெரியும் என்பது அந்த வகுப்பில் செல்லாத நாணயம். புட்டியைத் தலைகீழாகத் தண்ணீரில் அமிழ்த்து. தண்ணீர் உள்ளே ஏற மறுக்கிறது. சாய்த்துப் பிடி, குமிழி கிளம்புகிறது. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது ஏதோ ஒன்று வெளியேறுவது கண்ணுக்குத் தெரிகிறது. பிறகு, காற்றுக்கு எடை உண்டா? வீட்டுக் குழாயில் தண்ணீர் மாடிக்கு எப்படி ஏறி வருகிறது? ஒழுங்கான உருவமில்லாத ஒரு கல்லின் அடர்த்தியை எப்படி அளப்பது? கடைசியில் ஆர்க்கிமிடீஸின் தத்துவம்.

ஆர்க்கிமிடீஸை நம்மில் யாருக்குத் தெரியாது? ஒரு பொருள் ஒரு திரவத்தில் அமிழ்ந்திருக்கும்போது என்று தொடங்கி மூச்சு விடாமல் ஒப்பித்து ஐந்து மார்க்கு வாங்கியவர்கள் நம் ஊரில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். நானும் அந்த லட்சத்தில் ஒருவன்தான். கிணற்றில் தண்ணீருக்குள் இருக்கும்வரை லேசாக வருகிற குடம், நீர்மட்டத்தை விட்டு மேலே வந்ததும் கனக்கிறதே, அதுவும் ஆர்க்கிமிடீஸும் ஒன்றுதான் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. குடம் ஒரு பக்கம், மார்க்கு ஒரு பக்கம். கியூரி அம்மையாரின் வகுப்பில் தத்துவத்தைச் சொல்லித் தரவில்லை. பிள்ளைகளே அதில் போய் முட்டிக்கொள்ளும்படி வழி அமைத்தார். முட்டையின் அடர்த்தியை அளப்பதும் அங்கே ஒரு பாடம். இதை நம் வீட்டு அடுக்களையிலேயே செய்து பார்க்கலாம். நல்ல தண்ணீரில் புது முட்டையைப் போட்டால் மூழ்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் முட்டை மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நடுவில் நிற்கும். அப்போது உப்பு நீரின் அடர்த்தி என்னவோ, அதுதான் முட்டையின் அடர்த்தி. உப்பு நீரை அளப்பது சுலபம்.

கலிலியோவின் பாடமும் உண்டு. சைக்கிள் கடையில் பால்ரஸ் என்கிறார்களே, அந்தச் சின்ன எஃகுக் குண்டுகள். அவற்றை மையில் தோய்த்துச் சாய்வான பலகையில் ஓடவிட்டார்கள். குண்டு தன் பாதையைத் தானே மையால் எழுதிக்கொண்டு போயிற்று. பக்கவாட்டில் அது சமமான நேரத்தில் சமமான தூரம் போகிறது. கீழ்நோக்கியோ, முதல் விநாடியின் முடிவில் ஒரு பங்கு என்றால் இரண்டாவதன் முடிவில் நான்கு பங்கு, மூன்றாவதன் முடிவில் ஒன்பது, பிறகு பதினாறு. இரண்டும் சேர்ந்து ஓர் அழகான வளைகோடு விழுகிறது. கலிலியோ 1638-ல் அச்சிட்ட புத்தகத்தில் சொன்ன விஷயத்தைப் பிள்ளைகள் விரலெல்லாம் மையாகத் தாங்களே எழுதி வாங்கிக்கொண்டார்கள். புகைக்கரி படிந்த காகிதத்தில் ஊசல் தன் ஆட்டத்தை வரைந்தது. தெர்மாமீட்டரும் பிள்ளைகளே செய்து, அளவுக் கோடும் தாங்களே போட்டார்கள். கடையில் வாங்கின தெர்மாமீட்டரோடு அது ஒத்துப்போனபோது அவர்களுக்கு ஏற்பட்ட கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

இதைக் கேட்டு, பிள்ளைகளை அவர்கள் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று யாராவது நினைத்தால் அது தப்பு. பரிசோதனையின்போது மேஜையை அசுத்தம் செய்தால் அம்மையாருக்குப் பொறுக்காது. பிறகு துடைத்துவிடுகிறேன் என்ற சமாதானம் எடுபடாது, அசுத்தமே ஆகக்கூடாது. மனக்கணக்கில் தப்பு வரக்கூடாது. அதற்கு வழி அவசரப்படாமல் இருப்பது. புரிந்துகொள்ளும் படிப்பு என்றால் சலுகைப் படிப்பு என்று பொருளல்ல என்பதை நம் நாட்டுப் புதுமைப் பள்ளிக்காரர்கள் சிலர் கவனிக்க வேண்டும்.

ஒரு நாள் அம்மையார் கேட்டார்: ஜாடியில் இருக்கிற சூடான திரவத்தை ஆறாமல் வைத்துக்கொள்ள என்ன செய்யலாம்? வகுப்பின் புலிகளான பிரான்ஸிஸ் பெர்ரின், ழான் லாங்கெவின், இஸபெல், இரீன் ஆகியோர் உடனே யோசனைகளை அள்ளி வீசினார்கள். ஜாடியைக் கம்பளியால் சுற்றலாம். சுற்றுப்புறத்திலிருந்து அதைப் பிரித்து வைக்க இன்னின்ன நுட்பமான முறைகளைக் கையாளலாம். அம்மையார் சிரித்துக்கொண்டே, தாமாக இருந்தால் முதலில் மூடியைப் போடுவேன் என்றாராம். அதோடு பாடம் முடிந்தது. ரொட்டியும் சாக்லெட்டும் ஆரஞ்சுப் பழமும் வந்து சேர்ந்தன.

இந்த மூடிக் கதையை ஈவ் வேடிக்கையாகத்தான் எழுதுகிறார். எனக்கு அது வேடிக்கையாக மட்டும் படவில்லை. புத்திசாலிப் பிள்ளைகளைப் பிடிக்கிற நோய் ஒன்று உண்டு. கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவதற்குரிய பதிலைத்தான் அவர்கள் தேடுவார்கள்; கண்ணெதிரே இருக்கிற பதில் அவர்களுக்குக் கௌரவக் குறைவு. விளக்கிச் சொல்லும் ட்யூஷன் வாத்தியார்களிடம் படிக்கிற பிள்ளைகளுக்கும் இந்த நோய் தொற்றும். சூத்திரத்துக்குப் பதிலாக விளக்கத்தை உருப்போட ஆரம்பித்துவிடுவார்கள். அந்த ஒரு சின்ன மூடி, அன்றைக்கு நான்கு பேருக்கு மருந்தாயிற்று.

பாரிஸ் பத்திரிகைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? எழுதப் படிக்கவே சரியாகத் தெரியாத பொடியன்களுக்கு ரசாயனக் குடுவைகளைக் கொடுத்திருக்கிறார்கள், ஸோர்போன் இன்னும் வெடித்துச் சிதறவில்லை, ஆனால் நம்பிக்கையை இழக்க வேண்டாம் என்ற தோரணையில் ஒருவர் கேலி எழுதினார். கேலி பலிக்கவில்லை. கட்டிடம் இடியவில்லை. சுமார் இரண்டு ஆண்டுகளில் பள்ளிக்கூடம்தான் நின்றுபோயிற்று.

பெற்றோர்களுக்கு வேலை மிகுதி என்பது ஒரு காரணம். பெரிய காரணம் பரீட்சை. 'பாக்கலோரியா' என்ற பரீட்சையில் தேறாமல் பிரான்ஸில் சர்வகலாசாலை வாசலை மிதிக்க முடியாது. அந்தப் பரீட்சைக்கு அரசாங்கம் வகுத்த பாடத்திட்டம் ஒன்று உண்டு. ஆகவே நோபல் பரிசு பெற்றவரின் மகளும், பெறப்போகிறவரின் மகனும், மற்றப் பிள்ளைகளும் பெட்டி படுக்கையைக் கட்டாத குறையாகச் சாதாரணப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெண்களுக்குச் சங்கடம் இன்னும் அதிகம். அரசாங்கப் பெண்கள் பள்ளிகளின் பாடத்திட்டம் பாக்கலோரியாவுக்கு உரியதாகவே அப்போது இல்லை. ஆண்களுக்குச் சமமான பாடத்திட்டம் 1924-ல்தான் வந்தது. ஆகையால் கியூரி அம்மையார் இரீனைத் தனியார் பள்ளி ஒன்றில் சேர்த்தார். அவள் 1914-ல் பரீட்சையில் தேறினாள். உலகத்துக்கு ரேடியத்தைக் கொடுத்த அம்மாளாலும் பரீட்சை அதிகாரியை அசைக்க முடியவில்லை. நம் வீட்டுத் தாய்மார்கள் இதைக் கேட்டு ஓரளவு ஆறுதல் அடையலாம்.

இந்தப் படிப்பால் என்ன பிரயோஜனம் ஏற்பட்டது? இரீன் 1935-ல் கணவர் பிரெடெரிக் ஜோலியோவோடு நோபல் பரிசு பெற்றாள். பிரான்ஸிஸ் பெர்ரின் 1951 முதல் 1970 வரை பிரான்ஸின் அணுசக்தி இலாகாவுக்குத் தலைமை வகித்தார். இதையெல்லாம் அடுக்கி, பார்த்தீர்களா என்று முடித்துவிடலாம். நான் அப்படி முடிக்கமாட்டேன். கியூரி வீட்டில் பிறந்த பெண்ணும் பெர்ரின் வீட்டில் பிறந்த பையனும் பால்ரஸ் குண்டு இல்லாமலும் விஞ்ஞானி ஆகியிருக்கலாம். யார் கண்டது?

எனக்கு அதைவிடப் பெரிய சாட்சியாகப் படுவது 1914-ல் தொடங்கிய யுத்தத்தில் நடந்தது. கியூரி அம்மையார் மோட்டார் வண்டிகளில் எக்ஸ்-ரே கருவிகளைப் பொருத்தி யுத்தகள ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோனார். இரீனும் கூடப் போனாள். பதினெட்டு வயதில் சில இடங்களில் தனியாகவே பொறுப்பு ஏற்றாள். சிப்பாயின் உடம்பில் குண்டுத் துண்டு புதைந்திருக்கிறது. ஓர் எக்ஸ்-ரே படம் அது இருக்கிற திசையைக் காட்டும், ஆழத்தைக் காட்டாது. இரண்டு கோணங்களில் படம் எடுத்து, முக்கோணக் கணக்குப் போட்டால்தான் கத்தியை எங்கே, எவ்வளவு ஆழத்தில் இறக்குவது என்று தெரியும். வயதில் பெரிய ராணுவ வைத்தியர்கள் சிலருக்கு இது பிடிபடவில்லை. ஜியோமிதியை அவர்களும் இளமையில் படித்துத்தான் இருப்பார்கள், பரீட்சையிலும் தேறியிருப்பார்கள். கட்டிலில் ஒருவன் ரத்தம் ஒழுகக் கிடக்கும்போது அது கைகொடுக்கவில்லை. ஓர் இளம் பெண் அவர்களுக்கு அதை விளக்க வேண்டியிருந்தது.

அந்த வகுப்பில் கணித மேதை ஹடமாரின் பிள்ளைகளும் படித்தார்கள். அவருடைய மூத்த பிள்ளைகள் இருவரும் 1916-ல் யுத்தகளத்தில் மாண்டார்கள்.

ஒரு குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. பத்துப் பிள்ளைகள், அவர்களுக்கு ஆசிரியர்களாக ஸோர்போன் பேராசிரியர்கள். இப்படி ஒரு பள்ளிக்கூடத்தை எந்த ஊரில் நடத்த முடியும்? ரொட்டிக் கடைக்காரன் மகனும் வண்டியோட்டியின் மகளும் அந்த மேஜைக்கு அருகில் உட்காரவில்லை. ஷ்சுகி கிராமத்தில் சேற்றுக் காலோடு மாடிப்படி ஏறி வந்த பதினெட்டுக் குழந்தைகளை நான் இங்கே நினைத்துக்கொள்கிறேன். அங்கே எழுத்து மட்டும்தான் கற்றுக் கொடுக்க முடிந்தது, விஞ்ஞானம் இல்லை. பாரிஸில் விஞ்ஞானம் இருந்தது. அந்தக் குழந்தைகள் இல்லை.

இந்தக் குறை அந்த ஆசிரியர்களில் ஒருவருடைய நெஞ்சையாவது உறுத்தியிருக்கும் என்றே நான் எண்ணுகிறேன். கணக்குச் சொல்லிக் கொடுத்த லாங்கெவின், இரண்டாவது மகா யுத்தத்தின்போது, 1940 அக்டோபரில் ஜெர்மானியரால் சிறையில் அடைக்கப்பட்டார். பிரான்ஸ் விடுதலை பெற்ற 1944-ல், நாட்டின் கல்வி முறை முழுவதையும் திருத்தி அமைக்க ஒரு குழு ஏற்பட்டபோது அவரே அதற்குத் தலைவரானார். எழுபத்திரண்டு வயது. பணக்காரப் பிள்ளைக்கு ஒரு பள்ளி, ஏழைப் பிள்ளைக்கு ஒரு பள்ளி என்ற பேதம் கூடாது. பதினெட்டு வயது வரையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயப் படிப்பு வேண்டும். பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்றெல்லாம் அந்தக் குழு திட்டம் வகுத்தது. வேலை முடியுமுன்பே, 1946 டிசம்பரில், லாங்கெவின் காலமானார். மனோதத்துவ நிபுணர் ஹென்றி வாலன் அதை முடித்து 1947-ல் அரசாங்கத்திடம் கொடுத்தார். பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் திட்டத்தை இருவர் பெயராலும் இன்றுவரை மரியாதையோடு குறிப்பிடுகிறார்கள். சட்டமாக அது நிறைவேறவில்லை. கட்டாயப் படிப்பின் வயதை அரசாங்கம் 1959-ல் பதினாறாக உயர்த்தியது.